‘லேசாகத் தடவவும்’ என்றால் எவ்வளவு?

ஸ்டீராய்டு ஆயின்மெண்ட் ட்யூப் ஒன்றை எடுத்து, அதன்மேல் அச்சாகியிருப்பதை ஒரு கட்டுரையைப் படிப்பதுபோல முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துப் பாருங்கள். பிராண்டின் பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே மருந்தின் பெயர், ஒரு சதவீத எண், எத்தனை கிராம் என்ற கணக்கு. ஒரு சிவப்புக் கோடு, மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற எச்சரிக்கை. வெளிப்பூச்சுக்கு மட்டும். அளவு: மருத்துவர் சொன்னபடி. அப்புறம் தொகுதி எண், விலை, காலாவதித் தேதி. பெரும்பாலான ட்யூப்களில் அவ்வளவுதான். அதுவும் ஆங்கிலத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்படுத்துகிற பொடி எழுத்தில்.

இதில் எது இல்லை என்று பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. இந்த மருந்து எவ்வளவு வீரியமானது என்று இல்லை. ஒரு தடவைக்கு எவ்வளவு எடுக்க வேண்டும் என்று இல்லை. உடம்பில் எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது, எத்தனை நாளில் நிறுத்த வேண்டும், எந்த நோயில் போட்டால் நோய் கூடும் என்பதெல்லாம் இல்லை. மருத்துவர் சொல்லியிருப்பார் என்று ட்யூப் நம்புகிறது. ட்யூபில் போட்டிருக்கும் என்று மருத்துவர் நம்புகிறாரோ என்னவோ, அவருடைய சீட்டில் பல நேரம் ‘எல்/ஏ’ என்று இரண்டு எழுத்து மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் பூசவும் என்பதன் சுருக்கம்.

ஸ்டீராய்டு களிம்பைப் பற்றித் தமிழில் இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. ஒன்று மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நடப்பது: “இதைப் போடுங்க, ரெண்டே நாள்ல போயிடும்.” இன்னொன்று யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் நடப்பது: “ஸ்டீராய்டா? கையாலகூட தொடாதீங்க.” இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நினைக்கிறோம். கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்ததில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவருக்கொருவர் பல நூறு மடங்கு வித்தியாசப்படுகிற மருந்துகளை எல்லாம் ‘ஸ்டீராய்டு’ என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். ஒரு கூட்டம் அந்த மூட்டையை அப்படியே முகத்தில் கொட்டிக்கொள்கிறது, இன்னொரு கூட்டம் மூட்டையைக் கண்டாலே ஓடுகிறது. மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டிய எழுத்துகள், அதாவது ட்யூபும் சீட்டும், அதைச் செய்வதில்லை. என் விமர்சனம் அவற்றின் மேல்தான்.

(நான் மருத்துவன் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.)

முதலில் அந்தச் சதவீத எண். ஹைட்ரோகார்ட்டிசோன் 1%. பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1%. க்ளோபெட்டசால் ப்ரோப்பியோனேட் 0.05%. மருந்து படிக்காத ஒருவரிடம் இந்த மூன்றையும் கொடுத்து எது மென்மையானது என்று கேட்டால் க்ளோபெட்டசாலைத்தான் காட்டுவார். எண் அதில்தான் சின்னது. பால் பாக்கெட்டில் கொழுப்புச் சதவீதம் பார்த்து வாங்கிப் பழகிய மனசு வேறென்ன சொல்லும்? உண்மை நேர் தலைகீழ். தோல் மருத்துவக் கையேடுகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் கணக்குப்படி, பீட்டாமெத்தசோன் வேலரேட் இருக்கிற வரிசைக் களிம்புகள் ஹைட்ரோகார்ட்டிசோனைவிட 100 முதல் 150 மடங்கு வீரியமானவை. க்ளோபெட்டசால் இருக்கிற உச்ச வரிசை 600 மடங்கு வரை போகும். 0.05 என்ற எண் பொய் இல்லை, அது எடைக் கணக்கு. ஆனால் வாங்குகிறவருக்கு வேண்டியது எடைக் கணக்கு இல்லையே. அச்சடித்த ஒரே எண் தப்பான திசையைக் காட்டுகிறது என்றால் அந்த எண் இல்லாமலே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

இந்த ‘மடங்கு’ எப்படி வந்தது என்பதே ஒரு சுவாரசியமான கதை. 1962இல் மெக்கன்சி, ஸ்டவ்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிய சோதனையை எழுதினார்கள். ஸ்டீராய்டைச் சாராயத்தில் கரைத்து, முன்கையில் சின்னச் சின்ன இடங்களில் விட்டு, மூடி வைத்து, மறுநாள் திறந்து பார்ப்பது. ஸ்டீராய்டு தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் அந்த இடம் வெளுக்கும். எவ்வளவு நீர்த்துப்போன கரைசலிலும் வெளுக்க வைக்கிறதோ, அவ்வளவு வீரியம். இன்றைக்கும் களிம்புகளை வரிசைப்படுத்துவதற்கு இந்த வெளுப்புச் சோதனை ஒரு முக்கியமான அடிப்படை.

வெளுப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆய்வுக்கூடத்தில் மருந்தின் வீரியத்தை அளக்கிற அதே குணம்தான் நம் ஊரில் ‘ஃபேர்னஸ்’ என்ற பெயரில் விற்றது. இரத்தக் குழாய் சுருங்குகிறது, நிறமிச் செல்களின் வேலையும் மந்தமாகிறது, முகம் பளிச்சென்று தெரிகிறது. பக்கவிளைவைத்தான் பலன் என்று சொல்லி விற்றார்கள். இதைப் பற்றி 2011இல் இந்தியத் தோல் மருத்துவர்கள் பல மையங்களில் நடத்திய ஓர் ஆய்வு வந்தது. முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்ததில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு களிம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 126 பேர் அதைச் சிவப்பழகுக் களிம்பாகவோ, பொதுவான முகப்பூச்சாகவோ, சவரம் செய்தபின் தடவுவதாகவோ பயன்படுத்தினார்கள். 104 பேர் முகப்பருவுக்கு. பருவுக்கு ஸ்டீராய்டு போட்டால் பரு கூடும் என்பது தனிக் கொடுமை.

அந்த ஆய்வில் எல்லாரும் எடுத்துக்காட்டுகிற எண், 257 பேருக்கு, அதாவது 59.3% பேருக்கு, மருத்துவர் அல்லாதவர்கள்தான் அந்தக் களிம்பைச் சொல்லியிருந்தார்கள் என்பது. கடைக்காரர், தோழி, பியூட்டி பார்லர் என்று பழி போட வசதியான எண். நான் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். மீதி நாற்பது சதவீதம்? அது எங்கோ ஒரு சீட்டில் தொடங்கியதாகத்தானே இருக்க வேண்டும். ஒரு சீட்டில் ‘எத்தனை நாள்’ என்பது இல்லை என்றால் அந்தச் சீட்டுக்கு முடிவே கிடையாது. பழைய ட்யூபைக் காட்டி “இதே ஒண்ணு குடுங்க” என்றால் போதும். சீட்டு எழுதியவரும் கடைக்காரரும் சேர்ந்துதான் இந்தக் கதையை எழுதியிருக்கிறார்கள்.

மங்குக்குத் தரப்படும் மூன்று மருந்துக் களிம்பு இதற்கு நல்ல உதாரணம். 1975இல் க்ளிக்மன், வில்லிஸ் இருவரும் வெளியிட்ட கலவையில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்ஸாமெத்தசோன் மூன்றும் இருந்தன. நிறத்தைக் குறைக்கிற முக்கிய வேலை முதல் இரண்டுக்கும். ட்ரெட்டினாயின் தோலை எரிக்கும், அந்த எரிச்சலை அடக்குவது ஸ்டீராய்டின் முக்கிய வேலை. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கலவையில் ஸ்டீராய்டு இடத்தில் ஃப்ளுவோசினோலோன் 0.01%, வீரியம் குறைந்த வகை. அதையே மொத்தம் 8 வாரம் வரைதான் என்று கட்டுப்படுத்தினார்கள். இந்தியாவில் அந்தக் கலவை வந்தபோது பல கம்பெனிகள் ஸ்டீராய்டின் இடத்தில் மொமெட்டசோனை வைத்தன. அது வீரியம் அதிகமான வரிசை. எரிச்சலை அடக்க வந்த துணைநடிகர் கதாநாயகன் ஆகிவிட்டார். ஒரே வாரத்தில் முகம் மினுங்குவதற்குக் காரணம் அதுதான், நிறுத்தினால் முகம் சிவந்து எரிவதற்கும் காரணம் அதுதான். எரிகிறதே என்று மறுபடி போடுவார்கள். போட்டால் அடங்கும். மாதங்கள் போகும், வருஷங்கள் போகும். இரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், முகத்தில் முடி வளரும், வெயிலில் நிற்க முடியாது. இந்திய மருத்துவர்கள் இந்த முகத்துக்கு ‘ஸ்டீராய்டால் சேதமான முகம்’ என்று தனியாகப் பெயரே வைக்கும்படி ஆயிற்று. ஒரு நாட்டில் ஒரு நோய்க்குப் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது என்றால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து படர்தாமரை. இது பூஞ்சைக் கிருமி. ஸ்டீராய்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது. ஆனால் அரிப்பு என்று கவுண்டரில் போய் நின்றால் வருகிற ட்யூபில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்தே வந்த காலம் உண்டு, இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. என்ன நோய் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் ஒரு மருந்து போட்டாயிற்று என்பதுதான் அந்தக் கலவையின் தத்துவம். பிராண்டு பெயருக்குப் பின்னால் என், சி, ஜிஎம், எஸ் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். பெட்னோவேட் என்ற ஒரு பெயரிலேயே என் என்றால் நியோமைசின், சி என்றால் க்ளியோகுவினால், ஜிஎம் என்றால் ஜென்டாமைசினும் மைக்கோனசோலும், எஸ் என்றால் சாலிசிலிக் அமிலம். வாங்குகிறவருக்கு இது பஸ் நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்து மாதிரி. ஏறினால் போதும், எங்கேயோ கொண்டு விடும்.

பூஞ்சை மேல் ஸ்டீராய்டு விழுந்தால் என்ன ஆகும்? சிவப்பும் அரிப்பும் நம் உடம்பு பூஞ்சையோடு போடுகிற சண்டையின் சத்தம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். அரிப்பு போய்விட்டது, “நல்ல மருந்து”. பூஞ்சை மட்டும் நிம்மதியாகப் பரவும். விளிம்பு வட்டமாக, மேடாக இருக்க வேண்டிய படை உருவம் கலைந்து, டாக்டர் பார்த்தாலே அடையாளம் தெரியாத மாதிரி ஆகிவிடும். ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1968லேயே இதை விவரித்து, மாறுவேடத்தில் இருக்கும் படை என்ற பொருளில் லத்தீனில் பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நாம் அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

இதில் இடம் பற்றிய கணக்கு ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரிந்து தமிழில் அதிகம் பேசப்படாதது. 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் கதிரியக்க அடையாளம் வைத்த ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் வெவ்வேறு இடங்களில் பூசி, சிறுநீரில் எவ்வளவு வருகிறது என்று அளந்தார்கள். முன்கையில் உறிஞ்சப்படுவதை 1 என்று வைத்தால் உள்ளங்காலில் 0.14, நெற்றியில் 6, தாடை ஓரத்தில் 13, விதைப்பையில் 42. உள்ளங்காலுக்கும் விதைப்பைக்கும் நடுவே 300 மடங்கு! உள்ளங்கால் வெடிப்புக்கு எழுதிக்கொடுத்த ட்யூப் வீட்டில் மிச்சம் இருக்கிறது, தொடை இடுக்கில் அரிக்கிறது, அதையே எடுத்துப் போடுவோம் என்று நினைப்பது எவ்வளவு இயல்பு. ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறது, இரண்டுமே வெளிதானே. இடுக்கில் வியர்வை, உராய்வு, மூடின துணி எல்லாம் சேர்ந்து இன்னும் உள்ளே தள்ளும். அங்கே வருகிற வெடிப்புக் கோடுகள், பிரசவக் கோடு மாதிரி, மருந்தை நிறுத்தினாலும் மறைவதில்லை. படர்தாமரை அதிகம் வருகிற இடமும் அந்த இடுக்குதான்.

இப்போது இந்தியாவில் பரவிக்கிடக்கிற பிடிவாதமான படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சைக்கு 2020இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே நம் நாடு. வழக்கமான மருந்தான டெர்பினாஃபினுக்கு இது பல நேரம் மசிவதில்லை. அந்த மருந்து தாக்க வேண்டிய நொதியின் மரபணுவே மாறிப்போயிருக்கிறது. 2023இல் நியூயார்க்கில் இரண்டு பேரிடம் கண்டுபிடித்து அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. இந்தப் பூஞ்சை உருவானதற்கு முழுக் காரணமும் ஸ்டீராய்டு கலவைகள்தான் என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. ஆனால் பரவலுக்கு அவை உரம் போட்டிருக்கும் என்று பல தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அந்த வாதம் நியாயமாகத்தான் படுகிறது.

சட்டம் சும்மா இல்லை, தாமதமாக வந்தது. மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்சில், வெளிப்பூச்சு மருந்துகள் நீங்கலாக என்று ஒரு குறிப்பு இருந்தது. அந்த ஒரு வரியின் இடுக்கில்தான் இவ்வளவு வியாபாரமும் நடந்தது. தோல் மருத்துவர் சங்கம் பணிக்குழு அமைத்துப் போராடி, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டுகளை வெளிப்பூச்சானாலும் சீட்டு வேண்டும் என்ற வட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கூட்டு மருந்துகளில் க்ளோபெட்டசாலோடு பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்த பல களிம்புகள் இருந்தன. 2016இல் முதலில் தடை செய்து, டெல்லி உயர் நீதிமன்றத்தில் அது ரத்தாகி, உச்ச நீதிமன்றம் போய் மறு ஆய்வுக்குப் பின் வந்த தடை இது. நல்லதுதான். ஆனால் இந்த முயற்சி எல்லாம் யார் விற்கலாம், எதை விற்கலாம் என்பதைப் பற்றியது. வாங்கினவர் எப்படிப் போட வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சொல் கூடவில்லை.

இதுவரைக்கும் படித்தவர்கள் “அப்ப அந்த யூடியூப்காரர் சொன்னது சரிதான், தொடவே கூடாது” என்ற முடிவுக்கு வந்திருப்பீர்கள். இங்கேதான் எனக்கு அந்தப் பிரச்சாரத்தோடு சண்டை.

1952இல் சல்ஸ்பெர்கர், விட்டன் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசினால் எக்ஸிமா அடங்குகிறது என்று எழுதுவதற்கு முன்னால் தோல் மருத்துவரின் கையில் என்ன இருந்தது? தார், ஈரக்கட்டு, பொறுமை. சின்ன வயதிலேயே கரப்பான் வந்த ஒரு குழந்தை ராத்திரி முழுக்கச் சொறிந்து, தலையணையில் இரத்தக் கறையோடு எழுந்திருக்கும். தூங்காத குழந்தை, தூங்காத அம்மா. சொறிந்த புண்ணில் கிருமி சேரும். அந்தக் குழந்தைக்குச் சரியான வீரியத்தில் சரியான அளவில் சில நாள் போட்டால் தூக்கம் திரும்பி வருகிறது. எழுபது வருஷத்துக்கு மேலாக இது வேலை செய்கிறது. இதைத் தொடாதே என்று சொல்கிறவர் அந்தக் குழந்தையோடு ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்கட்டும்.

பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2000இல் இங்கிலாந்தில், தோல் மருத்துவமனைக்கு வந்த 200 எக்ஸிமா நோயாளிகளிடம் கேட்டபோது 72.5% பேர் ஸ்டீராய்டு களிம்பைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். 24% பேர் அந்தக் கவலையால் சொன்னபடி போடவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு எண். ஹைட்ரோகார்ட்டிசோன் பயன்படுத்தியவர்களில் 31% பேர் அதை வீரியமானது, மிக வீரியமானது என்றோ, தெரியாது என்றோ சொன்னார்கள். வரிசையிலேயே கடைசியில் இருக்கிற மருந்து! தெரியாதவர் பயப்படுவதில் என்ன தப்பு? சொல்லாதவர் மேல்தான் தப்பு.

பயத்தின் விளைவு மருந்து போடாமல் இருப்பது மட்டுமில்லை. அரைகுறையாகப் போடுவது. பட்டாணி அளவு எடுத்து ஒரு கால் முழுக்கத் தேய்ப்பது, சிவப்பு குறைந்த மறுநாளே நிறுத்துவது, இரண்டு நாளில் திரும்ப வந்ததும் “இந்த மருந்து கேக்கலை” என்று டாக்டரிடம் போவது. அவர் என்ன செய்வார்? ஒரு படி மேலே இருக்கிற ட்யூபை எழுதுவார். அதுவும் அரைகுறை. அடுத்த படி. ஸ்டீராய்டுக்குப் பயந்தவர் கடைசியில் க்ளோபெட்டசாலிலோ ஊசியிலோ போய் நிற்கிறார். இல்லையென்றால் “கெமிக்கல் இல்லாத மூலிகைக் களிம்பு” என்று எங்கோ வாங்குகிறார். 2003இல் பர்மிங்ஹாமில் எக்ஸிமா குழந்தைகளுக்குப் பெற்றோர் வாங்கிப் போட்ட மூலிகைக் களிம்புகளைச் சோதித்ததில் பெரும்பாலானவற்றில் ஸ்டீராய்டு இருந்தது, பலவற்றில் க்ளோபெட்டசால். மூலிகை இவ்வளவு வேகமாக வேலை செய்கிறதே என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள் பாவம்.

ஸ்டீராய்டு நிறுத்தியபின் வரும் எரிச்சல் நோய் பற்றியும் இந்தப் பிரச்சாரத்தில் நிறையப் பேசுகிறார்கள். அது கற்பனை என்று ஒதுக்கின மருத்துவர்கள் தப்புச் செய்தார்கள். 2021இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அதை எச்சரிக்கையாக வெளியிட்டது. ஆனால் 2015இல் வந்த மறுஆய்வில் தொகுத்த நோயாளிகளைப் பார்த்தால் பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் முகத்திலும் பிறப்புறுப்புப் பகுதியிலும், வீரியமான களிம்பை நீண்ட காலம் முறையில்லாமல் போட்டவர்கள். மறுபடி அதே மூன்று கேள்வி: எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள். அந்த மூன்றையும் விட்டுவிட்டு ‘ஸ்டீராய்டு’ என்று மட்டும் வைத்து வீடியோ போட்டால் பார்க்கிறவர் ஐந்து நாள் முழங்கை மடிப்பில் ஹைட்ரோகார்ட்டிசோன் போட்ட குழந்தையின் அம்மா. அவருக்குத் தூக்கம் போய்விடும்.

சரி, ‘லேசாக’ என்ற சொல்லுக்கு வருவோம். தடவைக்கு எவ்வளவு என்று கேட்டால் கிடைக்கிற ஒரே பதில் இதுதான். ஆங்கிலத்திலும் சிக்கனமாகப் போடவும் என்றே வெகுகாலம் ட்யூபிலும் லேபிளிலும் எழுதி வந்தார்கள். 2008இல் பியூலி என்ற லண்டன் தோல் மருத்துவர் வல்லுநர்களைச் சேர்த்துக்கொண்டு, இந்தச் சொல்லை விட்டுவிடுங்கள், இது பயத்தைத்தான் வளர்க்கிறது என்று எழுதினார். ஏனென்றால் அளவுக்கு ஒரு நல்ல அலகு அதற்கு முன்பே இருந்தது. 1991இல் லாங், ஃபின்லே இருவரும் சொன்ன விரல்நுனி அளவு. சாதாரண ட்யூபின் வாயிலிருந்து பெரியவர் ஒருவரின் ஆட்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். தராசு வேண்டாம், படிப்பு வேண்டாம். நம் பாட்டிகள் உப்பை விரல்கணக்கில் போட்ட மாதிரி.

இந்த அலகை வைத்துக்கொண்டு ஒரு சீட்டைச் சரிபார்த்துப் பாருங்கள், அதிர்ச்சியாக இருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு கால் முழுக்கப் பாதத்தோடு சேர்த்து 8 விரல்நுனி, அதாவது 4 கிராம். தினம் ஒரு வேளை என்றாலே 15 கிராம் ட்யூப் நாலாம் நாள் காலி. இரண்டு கால்களிலும் எக்ஸிமா உள்ளவருக்கு 15 கிராம் ட்யூப் ஒன்றை எழுதி “ஒரு மாசம் கழிச்சு வாங்க” என்று சொன்னால், அந்தச் சீட்டே அவரை அரைகுறையாகப் போடச் சொல்கிறது. அதே 15 கிராம் ட்யூபை முகத்துக்கு மட்டும் வாங்கினவருக்கு, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டரை விரல்நுனிதான் வேண்டும், பன்னிரண்டு நாள் வரும். அவரோ அதில் கால்வாசி எடுத்துத் தினம் பூசுகிறார், மாதக்கணக்கில் வருகிறது. போதாத இடத்தில் போதவில்லை, கூடாத இடத்தில் தீரவே மாட்டேன் என்கிறது. ஒரே அளவு ட்யூப்.

வேளைக் கணக்கும் இப்படித்தான். ‘தினம் இரண்டு வேளை’ என்பது கை பழக்கமாக எழுதப்படுகிறது. எக்ஸிமாவுக்கு ஒரு வேளையும் பெரும்பாலும் அதே பலனைத் தருகிறது என்று பார்த்து, 2004லேயே பிரிட்டிஷ் வழிகாட்டுதல் ஒன்று அல்லது இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம் என்றது. குணமான பிறகு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அதே இடத்தில் போட்டால் மறுபடி வருவது குறைகிறது என்று 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. தினம் போடுவது, அடியோடு விடுவது என்ற இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருப்பதே நம்மில் பலருக்கு யாரும் சொன்னதில்லை.

பிரிட்டனில் 2024இல் ஒரு மாற்றம் அறிவித்தார்கள். களிம்பின் லேபிளிலேயே வீரியத்தை நாலு சொல்லில் ஒன்றாகப் போட வேண்டும்: மென்மை, நடுத்தரம், வலிமை, மிக வலிமை. சதவீதத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல். இவ்வளவுதான் கேட்கிறேன். தமிழில் சொல் இல்லையா? ‘வீரியம் குறைவு’, ‘வீரியம் மிக அதிகம்’ என்று விதைப் பாக்கெட்டும் பூச்சிமருந்தும் வாங்குகிற யாருக்கும் புரிகிற சொல் இருக்கிறது. பூச்சிமருந்து டப்பாவில் விஷத்தின் தரத்துக்கு நிறம் வைத்திருக்கிறோம், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று. எழுத்துத் தெரியாத விவசாயிக்கும் சிவப்பு என்றால் என்ன என்று தெரியும். தோலில் பூசுகிற மருந்துக்கு அதைச் செய்வதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புக் கோடு போட்டால் கோடு கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

லேபிள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கினால் கவரின் மேல் பேனாவால் 1-0-1 என்று எழுதித் தருகிறார்கள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று வாயாலும் சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையில் கோடு கிழித்துத் தருகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆயின்மெண்ட் ட்யூப் மட்டும் ஒரு கிறுக்கலும் இல்லாமல் அதே கவரில் விழுகிறது. அதன் பெட்டியில் அதே பேனாவால் ‘முழங்கை மட்டும், 1 விரல்நுனி, ராத்திரி, 7 நாள்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதுவதற்குச் சீட்டில் அது இருக்க வேண்டும். இல்லையென்றால், கடையில் நின்று கேட்பதைவிட டாக்டர் அறையை விட்டு எழுந்திருக்கும் முன்னால் கேட்டுவிடுவது உத்தமம்: “எந்த இடத்துல டாக்டர், எவ்வளவு, எத்தனை நாள்?”